ஒரே படிவம், பல கைகள்: இ-வே பில்லும் நம் கடைக் கம்ப்யூட்டரும்

சோளிங்கரிலிருந்து சித்தூருக்கு ஒரு வேன் சரக்கு அனுப்ப வேண்டுமென்றால் முன்பெல்லாம் எல்லாமே தாள்தான். பில் புத்தகம், டெலிவரி நோட்டு, அதில் கடை முத்திரை, கையெழுத்து. வாட் வரி நடைமுறையில் இருந்த காலத்து ஜேஜே படிவம் நம் உறுப்பினர்கள் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். எல்லைச் சோதனைச்சாவடியில் தாளைப் பார்ப்பார்கள்; தாள் சரியாக இருந்தால் வண்டி நகரும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது தமிழ்நாட்டின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018-ல் தாளின் இடத்துக்கு 12 இலக்க எண் ஒன்று வந்து சேர்ந்தது. அதுதான் இ-வே பில்.

நம்மில் பலர் இன்றும் இதைத் தாளாகவே நினைத்துக் கொண்டிருக்கிறோம். பிரிண்ட் எடுத்து டிரைவர் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று கருதுகிறோம். உண்மையில் டிரைவர் கையில் இருப்பது ஒரு நகல்தான். மூலம் இருப்பது தேசிய தகவல் மையத்தின் கம்ப்யூட்டரில். அதை நீங்கள் மட்டும் எழுதுவதில்லை; லாரி ஷெட்காரர் எழுதுகிறார், சரக்கு வாங்குபவர் தம் சம்மதத்தையோ மறுப்பையோ பதிகிறார், வழியில் நிறுத்திப் பார்க்கும் அதிகாரியும் தம் குறிப்பைச் சேர்க்கிறார். இப்படிப் பலர் கைபடும் ஒரு படிவம் தொலைவில் உள்ள ஒரு டேட்டாபேஸோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அபராதத்தில் சிக்காமல் இருக்கலாம். அதே முறையை நம் கடையின் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் பயன்படுத்தலாம். இந்தப் பாடத்தின் நோக்கம் இவ்விரண்டும்தான்.

சிட்டையும் பேரேடும்

கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அன்றன்று நடப்பதைச் சிட்டையில் குறிக்கிறோம். பிறகு அவரவர் பெயரில் பேரேட்டில் ஏற்றுகிறோம். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படிவம் சிட்டை. டேட்டாபேஸ் என்பது பேரேடு. ஒரு வித்தியாசம் உண்டு. கணக்குப்பிள்ளை மாலையில் உட்கார்ந்து ஏற்றுவதை இங்கே கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே ஏற்றிவிடுகிறது. அது மட்டுமல்ல, ஏற்றுவதற்கு முன்பே மற்றப் பேரேடுகளைப் புரட்டி, நீங்கள் எழுதியது சரிதானா என்று பார்த்துக்கொள்கிறது.

படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் எந்தப் பேரேட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறது என்று பாருங்கள்.

முதலாவது ஜி.எஸ்.டி. எண். மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. அடுத்த பத்தும் வருமானவரி பான் எண். பதின்மூன்றாவது, ஒரே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். பதினான்காவது பொதுவாக இசட். கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படும் சோதனை எழுத்து. ஓர் எண்ணை மாற்றி அடித்தால் கணக்கு இடிக்கும். அதைத் தாண்டி வந்தால், அந்த எண் பதிவேட்டில் இருக்கிறதா, உயிருடன் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று ஜி.எஸ்.டி. பதிவேட்டைக் கேட்கிறது. பெயர் அங்கிருந்தே வருகிறது. ஆகவே நீங்கள் அடித்த எண்ணுக்கு வேறு யாருடைய பெயராவது வந்தால் சந்தேகப்பட வேண்டியது உங்கள் எண்ணைத்தான்.

அடுத்தது பின்கோடு. சோளிங்கரின் 631102-ஐயும் போய்ச் சேரும் ஊரின் பின்கோடையும் கொடுத்தால் தூரத்தைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. அந்தத் தூரத்தை நாம் சற்று மாற்றலாம். ஆனால் 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. தூரத்தில் விளையாடினால் செல்லுபடியாகும் காலத்தில் விளையாடியதாகும் என்பதே இதற்குக் காரணம். 2021 ஜனவரி 1 முதல் சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாளாக இருந்தது.

வண்டி எண்ணைப் போக்குவரத்துத் துறையின் வாகனப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். 2021-ல் சுங்கச்சாவடி ஃபாஸ்டாக் தகவலும் இதனுடன் இணைக்கப்பட்டது. எந்த வண்டி எப்போது எந்தச் சாவடியைக் கடந்தது என்பதை அதிகாரிகள் தம் அறையிலிருந்தே பார்க்க முடிகிறது. பழைய பில்லிலேயே இரண்டாம் நடை அடிக்கும் வித்தை இனி எடுபடாது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இது நல்லதே.

நம்மவர் அதிகம் அறியாத இன்னொரு பிணைப்பு உண்டு. 3பி கணக்கைத் தொடர்ந்து இரண்டு மாதங்களுக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால், உங்கள் எண்ணிலிருந்து வெளியே போகும் சரக்குக்கு இ-வே பில் போட முடியாது. படிவத்தில் தவறு எதுவும் இருக்காது; வேறொரு பேரேட்டில் பாக்கி இருக்கிறது என்பதற்காகப் படிவம் மூடிக்கொள்ளும். லாரியில் சரக்கு ஏறிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட மோசமான நேரம் இல்லை. கார்த்திகை மாதத்தில், மலைக்கு வரும் கூட்டத்தை நம்பிச் சரக்கு ஓடும் நாட்களில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் எதை எழுதலாம்?

படிவம் இரண்டு பகுதி. முதல் பகுதியில் விற்பவர், வாங்குபவர், பில் எண், தேதி, சரக்கு, மதிப்பு, எச்.எஸ்.என். குறியீடு. இரண்டாம் பகுதியில் வண்டி எண். முதல் பகுதியை மட்டும் நிரப்பிவிட்டுப் பிரிண்ட் எடுத்து வண்டியை அனுப்புவோர் இன்றும் உண்டு. அது செல்லாது. வண்டி எண் ஏறிய நேரத்திலிருந்துதான் கெடு ஓடத் தொடங்குகிறது. மாநிலத்துக்குள் உங்கள் கடையிலிருந்து லாரி ஷெட் வரை 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த நடைக்கு மட்டும் வண்டி எண் எழுத வேண்டியதில்லை.

ஒருமுறை உருவான பில்லில் முதல் பகுதியைத் திருத்த முடியாது. தவறு கண்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிது போட வேண்டும். அதற்குள் வழியில் அதிகாரி பரிசோதித்துவிட்டால் ரத்தும் செய்ய முடியாது. ஆனால் வண்டி எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். வழியில் வண்டி பழுதானால் வேறு வண்டிக்கு மாற்றுவதற்காக இந்த ஏற்பாடு. டேட்டாபேஸ் வைப்பவர்கள் இதற்கு ‘உரிமை பிரித்தல்’ என்பார்கள்: ஒரே பதிவு, ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொந்தக்காரர்.

மூன்றாவது கை வாங்குபவருடையது. உங்களை வாங்குபவராகக் காட்டி யாராவது இ-வே பில் போட்டால் அது உங்கள் கணக்கில் தெரியும். அந்தச் சரக்கு உங்களுடையதல்ல என்றால் 72 மணி நேரத்துக்குள், அல்லது சரக்கு வந்து சேர்வதற்குள், எது முந்தியதோ அதற்குள், நிராகரிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே டேட்டாபேஸ் எழுதிக்கொள்ளும். விற்கும் பில்லில் காட்டும் கவனத்தில் கால்வாசியைக்கூட நாம் இந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. நம் கடை ஜி.எஸ்.டி. எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகி ஊரெங்கும் போகிறது. அதை எடுத்து எவரோ ஒருவர் எழுதிவிட்ட சரக்குக்கு நாளை விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது. தினமும் காலையில் கடை திறந்ததும் ‘பிறர் போட்ட பில்கள்’ பட்டியலைப் பார்ப்பதைச் சாம்பிராணி போடுவதுபோல் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

ஒரே கடவுச்சொல்லைக் கடையில் எல்லோரும் பயன்படுத்துவதும் ஆபத்து. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் ஓ.டி.பி. கட்டாயமாகிவிட்டது. முதலாளியின் செல்போனுக்கு எண் வந்து, அவர் கோயிலிலோ கொள்முதலுக்கோ போயிருந்தால், ஏற்றிய வண்டி வாசலிலேயே நிற்கும். இதற்காகவே துணைப் பயனர் வசதி இருக்கிறது. கணக்கருக்கும் குடோன் பொறுப்பாளருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி செல்போன் எண் கொடுத்துவிட்டால் யார் எதைப் போட்டார் என்பதும் தெளிவாகத் தெரியும்.

முதல் நாளே விழுந்த பேரேடு

ஒரே பேரேட்டை நாடே ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரி 1 அன்று பார்த்தோம். அன்றுதான் இ-வே பில் கட்டாயமாக வேண்டும். அன்றே இணையதளம் நெரிசல் தாங்காமல் முடங்கியது, திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கும், மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குப் படிப்படியாகவும் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டுக்குள் 2018 ஜூன் 2-ல் தொடங்கியது. 2025 ஜூலையில் இரண்டாவது இணையதளம் ஒன்றும் சேர்ந்தது. ஒன்றில் போட்ட பில்லை மற்றொன்றில் புதுப்பிக்கலாம். இரண்டின் பேரேடுகளும் சில நொடிகளில் ஒத்துக்கொள்கின்றன. ஒன்று திறக்கவில்லையென்றால் மற்றொன்றைத் திறந்து பாருங்கள், காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்கு

சோளிங்கர் வணிகருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வரியோடு சேர்த்து 62,000 ரூபாய்க்குப் பெயிண்ட் டின்களை ராணிப்பேட்டைக்கு அனுப்பினால் இ-வே பில் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். அதே டின்களைச் சித்தூருக்கோ நகரிக்கோ அனுப்பினால் கட்டாயம் தேவை. மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. கடைப் பையனுக்கு இரண்டுமே பக்கத்து ஊர்தான். சட்டத்துக்கு அப்படியல்ல.

தோல் தொழிலில் இருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஒரே தோல் பல கை மாறுகிறது: பச்சைத் தோல், பதனிட்ட தோல், பிறகு செருப்பின் மேல்பாகம், பிறகு முழுச் செருப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் எச்.எஸ்.என். மாறும். பதனிட்ட தோல் 41-ஆம் அத்தியாயம்; செருப்பு 64-ஆம் அத்தியாயம். வேலைக்கு மட்டும் கொடுத்து வாங்கும் சரக்கு, அதாவது ஜாப் ஒர்க், வேறு மாநிலத்துக்குப் போனால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். விற்பனை இல்லையே, டெலிவரி சலான்தானே என்ற வாதம் வழியில் எடுபடாது.

நம் கடைக்குள் இதே ஏற்பாடு

இப்போது கடைக்கு வருவோம். கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று, கணக்கர் மேஜையில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் செய்வது, ஓர் எக்செல் கோப்பைப் பொது ஃபோல்டரில் போட்டு மூவரும் திறப்பது. முதலில் திறந்தவரே எழுதலாம். மற்றவருக்குப் பார்க்க மட்டுமே கிடைக்கும். அவர் தனியாக ஒரு நகல் எடுத்து எழுதுவார். மாலையில் மூன்று இருப்புக் கணக்குகள் இருக்கும், மூன்றும் வேறு வேறாக.

டேட்டாபேஸ் இதற்காகத்தான். 1990-களில் ஃபாக்ஸ்புரோவில் கணக்கு வைத்தவர்களுக்கு ‘ரெக்கார்டு லாக்’ என்ற சொல் நினைவிருக்கும். கோப்பு முழுவதையும் பூட்டாமல், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் பூட்டுவது. கல்லாவில் ஒருவரும் குடோனில் ஒருவரும் கடைசிப் பத்து டின்னை ஒரே நேரத்தில் விற்கப் பார்த்தால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவருக்கு இருப்பு இல்லை என்று வரும். இன்றைய டேட்டாபேஸ்கள் ஒரு படி மேலே போய், பில் எழுதுவதையும் இருப்பைக் குறைப்பதையும் ஒரே செயலாகச் செய்கின்றன. நடுவில் மின்சாரம் போனால் இரண்டுமே நடக்காது. பில் இருந்து இருப்பு குறையாத அரைகுறை நிலை வராது.

செய்முறை கடினமல்ல. ஒரு கம்ப்யூட்டரைத் தலைமைக் கம்ப்யூட்டராக ஒதுக்கி அதில் மைசீக்வல், போஸ்ட்கிரேஸ் போன்ற இலவச டேட்டாபேஸ் ஒன்றை நிறுவலாம். மற்ற இரண்டிலும் படிவம் மட்டும் இருக்கும். படிவம் அங்கே போய்ச் சேர நான்கு விவரங்கள் தேவை: தலைமைக் கம்ப்யூட்டரின் முகவரி எண், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் படிவம் செய்தவர்கள், அட்டவணைகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துத் தலைமைக் கம்ப்யூட்டரில் வைத்து, படிவக் கோப்பின் நகலை ஒவ்வொரு மேஜையிலும் வைத்தால் சிறு கடைக்கு அதுவே போதும். அந்தப் படிவக் கோப்பையும் மூவரும் ஒரே இடத்திலிருந்து திறப்பதுதான் பலருடைய தொல்லைக்குக் காரணம்.

பழுது பெரும்பாலும் வருவது முகவரி எண்ணில். ரௌட்டர் தன் விருப்பத்துக்கு எண் கொடுக்கும்படி விட்டிருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தலைமைக் கம்ப்யூட்டருக்கு வேறு எண் விழுந்திருக்கும். நேற்றுவரை வேலை செய்த படிவம் இன்று ‘இணைப்பு இல்லை’ என்கும். ரௌட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான எண் ஒதுக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர்காரருக்குப் பத்து நிமிட வேலை. அடுத்த பழுது ஃபயர்வால். மைசீக்வல் பேசும் வாசல் எண் 3306, சீக்வல் சர்வர் பேசும் வாசல் 1433. கடைக்குள் இந்த வாசல் திறந்திருக்க வேண்டும். வெளி இன்டர்நெட்டுக்கு ஒருபோதும் திறக்கக்கூடாது. ‘வீட்டிலிருந்தே பார்க்கலாம்’ என்று ஆசை காட்டி அதைத் திறந்துவிடும் ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பேரேட்டை அமைக்கும்போது நிலையான விவரங்களைத் தனி அட்டவணையில் வையுங்கள்: வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணும் பின்கோடும் ஒன்றில், சரக்கின் பெயரும் எச்.எஸ்.என். குறியீடும் ஒன்றில், லாரி ஷெட் விவரம் ஒன்றில். பில் போடும்போது இவற்றை யாரும் அடிக்கக்கூடாது. தேர்ந்தெடுக்க மட்டுமே வேண்டும். மாநிலக் குறியீடு 33 அல்லாத வாடிக்கையாளருக்கு 50,000-ஐத் தாண்டிய பில் போட்டால் படிவம் சிவப்பில் எச்சரிக்கும்படி ஒரு விதி எழுதச் சொல்லலாம். சித்தூர்ச் சிக்கலுக்கு அதுவே மருந்து. பில் எண்ணையும் பேரேடே கொடுக்கட்டும். அது 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. ஒரே பில் எண்ணுக்கு இரண்டாவது இ-வே பில் போட அரசின் பேரேடும் இடம் தராது.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்பவர்கள் இ-வே பில் தளத்திலேயே வாடிக்கையாளர், சரக்கு, லாரி ஷெட் விவரங்களைச் சேமித்து வைக்கலாம். அதைக்கூடச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக அடிப்பது வீண் ஆபத்து.

கடைப் பேரேட்டிலிருந்து ஜேசான் என்ற வடிவில் கோப்பு எடுத்து ஒரேயடியாகப் பல இ-வே பில்கள் போடும் வசதியும் உண்டு. இதில் தேதியைக் கவனிக்க வேண்டும். அரசின் படிவம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் கேட்கிறது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் மே 4-ஆம் தேதி பில் ஏப்ரல் 5 ஆகிவிடும். பன்னிரண்டாம் தேதி வரை இந்தத் தவறு கண்ணில் படாது. 13-ஆம் தேதிதான் கோப்பு திரும்பி வரும். அதற்குள் போன பில்கள் போனவைதான்.

தவறு நேர்ந்தால்

2018 செப்டம்பர் 14-ஆம் தேதிச் சுற்றறிக்கை சிறு பிழைகளைத் தனியாகப் பிரித்திருக்கிறது. பெயரில் எழுத்துப்பிழை, பில் எண்ணிலோ வண்டி எண்ணிலோ ஒன்றிரண்டு எழுத்து மாறுதல், செல்லுபடிக் காலத்தைக் கூட்டாத பின்கோடு பிழை, முதல் இரண்டு இலக்கமும் வரி விகிதமும் சரியாக இருந்து மற்ற இலக்கம் மாறிய எச்.எஸ்.என். ஆகியவற்றுக்கு மத்திய, மாநில வரியில் தலா 500, மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட வேண்டும். வண்டியைப் பிடித்து வைக்கக்கூடாது. இந்தச் சுற்றறிக்கையின் நகலை வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. ஆனால் இ-வே பில்லே இல்லை, அல்லது கெடு முடிந்துவிட்டது என்றால் கதை வேறு. 2022 ஜனவரி 1 முதல், சரக்கின் உரிமையாளர் முன்வந்தாலும் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிப்புக் கேட்கலாம். வண்டி பழுதாகி நிற்கும் டிரைவர் முதலில் அழைக்க வேண்டியது மெக்கானிக்கையா முதலாளியையா என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைப் பேரேட்டை தினமும் இரவு கடை சாத்தும்முன் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, மாதம் ஒருமுறை அந்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே கம்ப்யூட்டரை மாற்றும்போது பழைய டிஸ்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.